பூட்டிய திட்டு

பந்தரானி, அஞ்சுவான் தீவு, கொமொரோஸ்
2 பிப்ரவரி 2017

அன்சிசாவின் வாப்பாவுக்கு,

ஸலாம். நானும் அன்சிசாவும் சுகம். உங்கள் உம்மாவுக்கு மழை வந்தால் முட்டிவலி கூடுகிறது. குரலுக்கு ஒன்றும் குறைவில்லை, தெருக்கோடிவரை கேட்கிறது. மாவோரேயில் நீங்கள் நலம்தானா? பிரெஞ்சு அரசின் காகிதம் இல்லாதவர்களைப் போலீஸ் வீடு வீடாகத் தேடுகிறது என்று அங்கிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்கள் சொல்கிறார்கள். அதிகம் வெளியே நடமாடாதீர்கள்.

மலைமேல் ஏறிப் போன் பேசினால் பாதியில் அறுந்துபோகிறது. அறுவதற்கு முன்னால் நாம் சண்டை போட்டுவிடுகிறோம். அதனால்தான் எழுதுகிறேன். கோம்போ தன் படகில் கொண்டுவந்து கொடுப்பான்.

சேதி இதுதான்: கடல் வற்றினால் தெரியும் நம் பவளப்பாறைத் திட்டைப் பூட்டப்போகிறோம். போன மாதம் கடல் வற்றிய ஒரு நாள் முழுக்கக் கம்பியோடு நடந்து ஐந்து பேய்க்கணவாய் பிடித்தேன். ஐந்தின் எட்டெட்டுக் கைகளும் சேர்ந்து ஒரு சட்டிக்குக் காணவில்லை. எல்லாம் குஞ்சுகள். பெண்கள் எல்லோரும் கூடிப் பேசினோம். திட்டின் மேற்குப் பாதியில் பிப்ரவரி கடைசியிலிருந்து நோன்புப் பெருநாள் முடியும்வரை யாரும் கம்பியோ ஈட்டியோ வலையோ போடக்கூடாது. கிழக்குப் பாதி எப்போதும்போலத் திறந்திருக்கும். மீறினால் சாமானைப் பிடுங்கி வைப்போம், பள்ளிவாசலில் பெயர் வாசிக்கப்படும், ஒரு வருடம் திட்டில் கால் வைக்க முடியாது. கணவாய் சீக்கிரம் வளரும், நான்கு மாதம் விட்டால் போதும் என்று நகரத்துக் கடல் பாதுகாப்பு அமைப்பிலிருந்து வரும் மொயினா சொல்கிறாள். நல்ல பெண். தராசும் நோட்டும் கொண்டு வந்து எங்கள் கூடைகளை நிறுத்து எழுதிக்கொள்கிறாள்.

இதற்காக நாங்கள் தொடங்கிய பெண்கள் சங்கத்தைப் பதியப் போன இடத்தில் எழுத்தர், தலைவர் என்ற இடத்தில் ஓர் ஆண் பெயர் வேண்டும் என்றார். நம் எஷாத்தி கேட்டாள்: "அந்த ஆம்பளைக்குக் கணவாய்ப் பொந்து எங்க இருக்குன்னு தெரியுமா?" என் பெயரை எழுத வைத்துவிட்டுத்தான் எழுந்தோம்.

ஊரில் பேச்சு வராமல் இருக்குமா? கடைத்தெருவில் ஒருவன் என் காதுபடவே சொன்னான்: "புருஷன் ஊர்ல இல்ல, அதான் கடலையே கட்டிக்கப் பாக்குறா." நானும் விடவில்லை. "கடல் தினம் ரெண்டு வேளை வீட்டுப் பக்கம் வந்துட்டுப் போகுதே" என்றேன்.

எப்போது வருவீர்கள் என்று எழுதுங்கள்.

ரிசிகி


மாமூட்ஸு, மாவோரே தீவு
21 பிப்ரவரி

அன்சிசாவின் உம்மாவுக்கு,

ஸலாம். நான் சுகம். சாப்பாட்டுக்குக் குறைவில்லை. கட்டட வேலை இப்போது இல்லை. வேலை நடக்கும் இடங்களில்தான் போலீஸ் முதலில் நுழைகிறது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக்கடையில் பாத்திரம் கழுவுகிறேன். அடுப்படிக்குப் பின்னால் ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். ஜன்னல் இல்லை. அதுவே நல்லதுதான்.

கடலைப் பற்றி நீ சொன்ன பதிலைப் படித்து முதலில் சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை.

தலைமை எல்லாம் உனக்கு எதற்கு? நாளைக்கு ஒரு தகராறு என்றால் உன் பெயர்தான் முன்னால் நிற்கும். என் தம்பி நசூஃபும் திட்டை நம்பித்தான் இருக்கிறான், அதையும் நினைத்துப் பார். செய்வது என்று முடிவாகிவிட்டால் பார்த்துச் செய். எந்த இடத்திலிருந்து எந்த இடம்வரை பூட்டுகிறீர்கள்? கருங்கல் பாறையும் அதில் சேருமா? கடலைப் பற்றி நிறைய எழுது. படித்தால் ஊரில் இருப்பதுபோல இருக்கிறது.

அன்சிசா பள்ளிக்கு ஒழுங்காகப் போகிறாளா?

மாதி


பந்தரானி
5 மார்ச்

அன்சிசாவின் வாப்பாவுக்கு,

ஸலாம். உங்களுக்கு வேலையும் கூரையும் கிடைத்ததில் எனக்குப் பாதி பாரம் இறங்கியது. அந்தக் கடைக்காரருக்கு என் துஆ. அன்சிசா வகுப்பில் இரண்டாவது. முதலாவது வந்த பெண்ணோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

27ஆம் தேதி பூட்டினோம். ஆற்று முகத்தில் ஒரு கழி, மேற்கு முனையில் ஒரு கழி, இரண்டிலும் சிவப்புத் துணி. பள்ளிவாசல் கத்தீப் வந்து துஆ ஓதினார். இளவட்டங்கள் கரையில் நின்று கேலி செய்தார்கள். மழை வந்ததும் ஓடிவிட்டார்கள். நாங்கள் நனைந்துகொண்டே முடித்தோம்.

கருங்கல் பாறையும் பூட்டியதில்தான் வருகிறது. அங்கேதான் உயிரே இருக்கிறது. நேற்று காவலுக்குப் போனபோது எண்ணினேன்: பாறையைச் சுற்றி ஏழு பொந்து, ஏழிலும் ஆள் இருக்கிறது. இரண்டில் தாய்கள் முட்டைமேல் உட்கார்ந்திருக்கின்றன. தாய் ஒரு மாதத்துக்கு மேல் ஒன்றும் தின்னாமல் காவல் காத்து, குஞ்சு வெளியேறியதும் செத்துப்போகும் என்று மொயினா சொன்னாள். பதினெட்டு வருடமாகக் கணவாய் குத்துகிறேன், எனக்கு இது தெரியாது. எத்தனை தாய்களைக் கம்பியால் இழுத்துப் போட்டிருப்பேன்!

இரண்டிரண்டு பேராகக் காவல் போகிறோம். வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் யாரும் போவதில்லை. தொழுகை நேரத்தில் எவன் திருடப்போகிறான்?

நீங்கள் மாவோரே போன இந்த ஏழு வருடத்தில் என் வேலையைப் பற்றிக் கேட்டது இதுதான் முதல் தடவை. எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லத் தெரியவில்லை. எப்போது வருவீர்கள் என்று மட்டும் இந்தத் தடவையும் எழுதவில்லை.

ரிசிகி


மாமூட்ஸு
18 மார்ச்

அன்சிசாவின் உம்மாவுக்கு,

ஸலாம். நான் சுகம். உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கோம்போ கையில் ஒரு மஞ்சள் துணி கொடுத்தனுப்புகிறேன், உனக்குப் பொருந்தும். அன்சிசாவுக்குப் பேனாக்கள் இருக்கின்றன.

வேலை அதிகம். பிறகு எழுதுகிறேன்.

மாதி


பந்தரானி
3 ஏப்ரல்

அன்சிசாவின் வாப்பாவுக்கு,

ஸலாம். துணியும் பேனாக்களும் வந்துசேர்ந்தன. அன்சிசா சுகம். நான் சுகமாக இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, மனம்தான் கொதிக்கிறது.

மார்ச் 31, வெள்ளிக்கிழமை. ஆண்கள் எல்லோரும் பள்ளிவாசலில், நாங்கள் அடுப்படியில். சனிக்கிழமை காவலுக்குப் போன எஷாத்தி கத்திக்கொண்டே திரும்பி வந்தாள். கருங்கல் பாறையில் நான்கு பொந்து காலி. ஒன்றில் முட்டைக் கொத்து அறுந்து தொங்குகிறது, தாயைக் காணோம். சின்ன மீன்கள் கூட்டமாக வந்து முட்டையைத் தின்றுகொண்டிருந்தன. நான் போய்க் கையால் விரட்டினேன். எத்தனை நேரம் விரட்ட முடியும்?

சங்கத்தில் பாதிப் பேர், "போதும், திறந்துவிடுவோம். எவனோ தின்னுறதுக்கு நாம எதுக்குப் பட்டினி?" என்றார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. திருடனுக்குப் பயந்து பூட்டைக் கழற்றினால் அவனுக்குச் சாவியைக் கொடுத்ததாகத்தானே அர்த்தம்? இரண்டு மணி நேரம் கத்தினேன், குரல் போய்விட்டது. பூட்டு அப்படியே இருக்கிறது.

ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். நான் எழுதியதை யாரிடமாவது பேச்சுவாக்கில் சொன்னீர்களா?

ரிசிகி


மாமூட்ஸு
12 ஏப்ரல்

அன்சிசாவின் உம்மாவுக்கு,

ஸலாம். உன் உடம்பைப் பார்த்துக்கொள். குரலுக்கு இஞ்சி போட்டுக் குடி.

ஒரு கணவாய்க்காக இவ்வளவு ஆத்திரம் ஆகாது. ஆழத்துப் பக்கத்துப் பொந்துகள்தானே போயின, கரைப்பக்கத்து மூன்றும் இருக்கிறதே. விட்டுவிடு. பெண்கள் காவல் காப்பது நன்றாகவா இருக்கிறது? உம்மாவும் வருத்தப்படுகிறார். தலைமையை எஷாத்தியிடம் கொடுத்துவிட்டு வீட்டைப் பார். நான் சொல்வது உன் நல்லதுக்குத்தான்.

அன்சிசாவுக்கு என் முத்தம்.

மாதி


பந்தரானி
18 ஏப்ரல்

அன்சிசாவின் வாப்பாவுக்கு,

ஸலாம். இஞ்சி குடித்தேன், குரல் வந்துவிட்டது. நீங்கள் சொன்னதை யோசித்துப் பார்த்தேன். எனக்கும் அலுத்துத்தான் போய்விட்டது. போன வெள்ளிக்கிழமையும் இரண்டு போயின. இனி வெள்ளிக்கிழமை காவலைப் பற்றிப் பேசுவதில்லை என்று முடிவு செய்துவிட்டோம். 28ஆம் தேதி வெள்ளிக்கிழமை எஷாத்தியின் தங்கைக்குக் கல்யாணம். அன்று பெண்கள் எல்லோரும் அங்கேதான்.

ஒரு நல்ல சேதி. கருங்கல் பாறை போனால் போகட்டும். அதற்குத் தெற்கே மணல்வாய் இருக்கிறதே, அங்கே பன்னிரண்டு பொந்து கண்டுபிடித்தேன். உள்ளே இருக்கும் கணவாய் ஒவ்வொன்றும் என் கை நீளம். யாருக்கும் சொல்லவில்லை. உங்களுக்குத்தான் எழுதுகிறேன்.

ரிசிகி


பந்தரானி
30 ஏப்ரல்

மாதிக்கு,

ஸலாம். இதை நான் சொல்லச் சொல்ல அன்சிசா எழுதுகிறாள். என் வலது கையைப் பாறை கிழித்துவிட்டது, பெரிதாக ஒன்றுமில்லை. இதில் உன் வாப்பாவைப் பற்றி வரும், வேறு ஆளைக் கூப்பிடவா என்று அவளிடம் கேட்டேன். "நானே எழுதுறேன்" என்றாள். பதிமூன்று வயதாகிவிட்டது அவளுக்கு.

மணல்வாயில் ஒரு பொந்தும் இல்லை. வெறும் மணல். எஷாத்தியின் தங்கைக்குக் கல்யாணமும் இல்லை. அவளுக்குத் தங்கையே இல்லை, நீங்கள் மறந்திருப்பீர்கள். ஆழத்துப் பக்கத்துப் பொந்துகள் போயின என்று நான் உங்களுக்கு எழுதவில்லை. நான்கு போயின என்று மட்டும்தான் எழுதினேன். எந்தப் பக்கம் என்பது பார்த்த எங்களுக்கும் குத்தியவனுக்கும் மட்டும்தான் தெரியும். அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் சாப்பிட்டேன். அதற்கடுத்த நாள் உங்களுக்குப் பன்னிரண்டு பொந்து எழுதினேன்.

28ஆம் தேதி பாங்கு சொல்லும்போது கடல் நன்றாக வற்றியிருந்தது. தாழைப் புதருக்குப் பின்னால் இருபத்து மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம். நசூஃப் வந்தான். முங்குநீச்சல் கண்ணாடி, ஈட்டி, பை. வழியில் கருங்கல் பாறையில் மிச்சமிருந்த ஒன்றையும் குத்திப் பையில் போட்டுக்கொண்டு மணல்வாய்க்குள் போனான். அதற்கு ஒரே வழிதானே. முழங்கால் தண்ணீரில் வழியை மறித்து வரிசையாக நின்றோம். தலையைத் தூக்கிக் கண்ணாடியைக் கழற்றினான்.

எஷாத்திதான் ஆரம்பித்தாள். "என்னப்பா நசூஃப், தொழுகைய இந்தப் பக்கம் மாத்திட்டாங்களா?"

"வழிய விடுங்க. கடல் என்ன உங்க அப்பன் வீட்டுச் சொத்தா?"

"அப்பன் வீட்டுது இல்லடா, ஆத்தா வீட்டுது. இந்த ஊர்ல வீடே பொம்பளைக்குத்தான், மறந்துட்டியா?"

அவன் என்னைப் பார்த்தான். "அண்ணி, நீங்களாவது சொல்லுங்க."

"நான் சொல்லித்தானே நீ இங்க வந்திருக்க" என்றேன்.

அவனுக்கு அப்போதுதான் விளங்கியது. "அண்ணன் கேட்டாரு அண்ணி. அண்ணனுக்காகத்தான் எடுத்தேன். எனக்காக ஒண்ணும் எடுக்கல, சத்தியமா!" இருபத்து மூன்று பேரும் கேட்டார்கள். கோம்போவின் படகில் ஐஸ் பெட்டியில் போனதாம். என் கடிதங்கள் போன அதே படகு.

ஈட்டியையும் கண்ணாடியையும் வாங்கிக்கொண்டு, நனைந்த துணியோடு நேராகப் பள்ளிவாசல் வாசலுக்குப் போனோம். தொழுகை முடிந்து எல்லோரும் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். கத்தீப், "குடும்ப விவகாரம், உள்ளுக்குள்ள பேசி முடிச்சிடுங்கம்மா" என்றார்.

"திட்டு என் குடும்பத்துது இல்ல. ஊரோடது. விதியும் நீங்க துஆ ஓதி வச்சது. பேர வாசிங்க."

எங்கள் துணியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. கடைசியில் நசூஃபின் பெயரை வாசித்தார். கூட்டம் கலையப் பார்த்தது.

"இன்னொரு பேரு இருக்கு" என்றேன்.

எஷாத்தி என் கையைப் பிடித்து இழுத்தாள். "போதும்டி. ஊர்ல இல்லாதவன் பேரு எதுக்கு?"

"ஊர்ல இல்லாமலே திருடுனான்ல."

நானே சொன்னேன். உங்கள் முழுப் பெயரையும், உங்கள் வாப்பா பெயரோடு சேர்த்து. உங்கள் உம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். சொல்லி முடிக்கும்வரை என் குரல் நடுங்கவில்லை. அதற்குப் பிறகு நடந்ததை அன்சிசாவை எழுதச் சொல்ல மாட்டேன்.

ரிசிகி


முட்ஸமுது, அஞ்சுவான்
11 ஜூன்

ரிசிகிக்கு,

ஸலாம். உன் கை ஆறிவிட்டதா? நசூஃப் உன்னைத் தள்ளிவிட்டதை நீ எழுதவில்லை. அவனே வந்து அழுதுகொண்டு சொன்னான். பாறை கிழித்தது என்று எழுதி அவனை ஏன் காப்பாற்றினாய்?

நான் அக்கா வீட்டில் இருக்கிறேன். மூன்று வாரம் ஆகிறது. வேனில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் நம் ஊர். தினமும் வேன் நிற்கும் இடம்வரை போய்த் திரும்பி வருகிறேன்.

மறைத்ததை எழுதிவிடுகிறேன். அந்த அறை சும்மா கிடைத்ததில்லை. கடைக்காரன் கேட்டது வாரத்துக்கு ஒரு பெட்டி கணவாய். அங்கே கணவாய்க்கு அவ்வளவு கிராக்கி. முதலில் நசூஃப் கிழக்குப் பக்கத்தில் பிடித்து அனுப்பினான், பெட்டி நிறையவில்லை. அப்போதுதான் உன் கடிதம் வந்தது. ஏழு பொந்து என்று எழுதியிருந்தாய். அன்றிரவே நசூஃபுக்குப் போன் செய்தேன். மூன்று தடவை படித்தேன் என்று எழுதினேனே, அது பொய் இல்லை. ஆனால் எதற்காகப் படித்தேன் என்பதை எழுதவில்லை.

மே மாதம் பெட்டி போகவில்லை. "கணவாய் இல்லன்னா அறையும் இல்ல" என்றான் கடைக்காரன். மூன்றாம் நாள் தெருவில் போலீஸ் பிடித்தது. கப்பலில் ஏற்றி இங்கே இறக்கிவிட்டார்கள். கையில் ஒரு பைகூட இல்லை.

எனக்கும் சொல்ல ஒன்று உண்டு. ஏழு வருடம் ஜன்னல் இல்லாத அறைகளில் ஒளிந்து கிடந்தது யாருக்காக? கணவாயின்மேல் உனக்கு வந்த இரக்கம் என்மேல் வரவில்லையே. ஊர் முன்னால் என் வாப்பா பெயரோடு சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டாம்.

அன்சிசாவின் கையெழுத்து அழகாக இருக்கிறது. அந்தக் கடிதத்தை வைத்திருக்க முடியவில்லை, கிழித்துப் போடவும் முடியவில்லை.

கதவு எனக்குத் திறக்குமா?

மாதி


பந்தரானி
29 ஜூன்

மாதிக்கு,

ஸலாம். கை ஆறிவிட்டது. இதோ, நானேதான் எழுதுகிறேன். பெருநாள் நல்லபடியாகக் கழிந்தது. உங்கள் அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஸலாம் சொல்லுங்கள்.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேண்டுமென்றேதான் தாமதித்தேன். திட்டைத் திறந்த பிறகு எழுதலாம் என்று இருந்தேன்.

27ஆம் தேதி திறந்தோம். ஊரே கரையில் இருந்தது. பெண்கள் கல்யாணத்துக்குப் போவதுபோல முகத்தில் சந்தனம் பூசி வந்திருந்தார்கள். நான் முதலில் இறங்க வேண்டும் என்றார்கள். இறங்கினேன். பொந்தில் கம்பியை விட்டதும் அது கம்பியையே பிடுங்கப் பார்த்தது! முழங்கைவரை சுற்றிக்கொண்டது, வட்டம் வட்டமாகத் தழும்பு இன்னும் இருக்கிறது. மொயினாவின் தராசில் நான்கு கிலோ காட்டியது. அவள் நம்பாமல் தராசைத் தட்டி மறுபடி நிறுத்தாள், மறுபடியும் நான்கு. எஷாத்தி ஒன்று கொண்டுவந்தாள், அதைவிடப் பெரிது. கரையில் அதை என் முகத்துக்கு நேரே ஆட்டி ஆட்டிக் காட்டினாள். முட்டைமேல் இருந்த தாய்களை யாரும் தொடவில்லை. அடுத்த ஊர்ப் பெண்கள் பதினோரு பேர் நடந்தே வந்து பார்த்தார்கள். அவர்கள் திட்டையும் பூட்டப்போகிறார்களாம். செப்டம்பரில் நாங்கள் கிழக்குப் பாதியைப் பூட்டுகிறோம். இந்தத் தடவை ஒருவரும் எதிர்க்கவில்லை.

நசூஃப் கரையில் நின்றுகொண்டிருந்தான். தண்ணீரில் கால் வைக்கவில்லை. உங்கள் உம்மா என்னோடு இன்னும் பேசுவதில்லை. ஆனால் எங்கள் வீட்டுக்கும் ஒரு கிண்ணம் தேங்காய்ப்பால் கணவாய் அனுப்பினார். உப்பு அள்ளிக் கொட்டியிருந்தது. ஒரு துண்டு விடாமல் சாப்பிட்டேன்.

இரக்கம் வரவில்லையே என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நான்கு மாதமும் கிழக்குப் பாதி திறந்துதான் இருந்தது. மாதத்தில் பத்து நாள் நானும் அங்கே கம்பியோடு நடந்தேன். "ரிசிகி, தலைசாய்க்க இடமில்லை" என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தால், நான் பிடித்ததில் ஒன்றுகூட வைத்துக்கொள்ளாமல் உங்களுக்கு அனுப்பியிருப்பேன். எஷாத்தியிடமும் மற்றவர்களிடமும் கை நீட்டிக் கேட்டிருப்பேன், கொடுத்திருப்பார்கள். நீங்கள் கேட்கவில்லை. எடுத்தீர்கள். அதுவும் என் சந்தோஷத்திலிருந்து எடுத்தீர்கள். கணவாய் போனதுகூடப் பெரிதில்லை.

உங்கள் பெயரைச் சொன்னதற்கு நான் வருத்தப்படவில்லை. நசூஃபின் பெயரை வாசிக்க வைத்துவிட்டு உங்கள் பெயரை விழுங்கியிருந்தால், அடுத்த நாள் எந்தப் பெண்ணின் முகத்தில் விழிப்பேன்? எவளுக்குத்தான் அண்ணனும் தம்பியும் புருஷனும் இல்லை?

ஞாயிற்றுக்கிழமை காலை வேனில் ஏறினால் பத்து மணிக்கு இங்கே இருப்பீர்கள். அன்சிசா வேன் நிற்கும் இடத்துக்கு வரமாட்டேன் என்கிறாள். நான் கட்டாயப்படுத்தவில்லை. அவளோடு நீங்களேதான் பேசிக்கொள்ள வேண்டும், மெதுவாக.

வீட்டுக்கு வாருங்கள். அது என் வீடு, என் உம்மா எனக்குக் கட்டிக்கொடுத்தது. கதவை நான் திறக்கிறேன்.

அடுத்த வருடம் ஏப்ரல் 28வரை திட்டுக்கு வராதீர்கள். அது என்னுடையது இல்லை. திறந்துவிட எனக்கு அதிகாரம் கிடையாது.

ரிசிகி